கன்னி மூலைக்கும் கட்டிலுக்கும் நடுவே

தை மாதத்தில் என் மனைவிக்கு முட்டியில் ஆபரேஷன். அதன்பிறகு படி என்றாலே அவளுக்குப் பயம். எங்கள் பாகூர் வீட்டிலோ கழிப்பறை தோட்டத்துக் கடைசியில். மூன்று படி இறங்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நான் கைத்தாங்கலாக அழைத்துப் போவேன். ஆகவே படுக்கையறையோடு சேர்த்து, படியே இல்லாத குளியலறை ஒன்று கட்டத் தீர்மானித்தேன். நோட்டில் தேதி போட்டுப் படம் வரைந்தேன். கட்டிலிலிருந்து ஏழடி, வாக்கர் நுழைய மூன்றடிக் கதவு, தரை ஒரே மட்டம். செப்டிக் டேங்க் சுவருக்குப் பின்னாலேயே.

பங்குனியில் பள்ளம் தோண்ட ஆரம்பித்த அன்று, அரியாங்குப்பத்திலிருந்து அண்ணன் வந்து இறங்கினார்.

"இன்னாடா, கன்னி மூலையில பள்ளம் எடுக்கறே? வூட்டுத் தலைவனுக்கு ஆவாதுடா!"

"அண்ணே, அது வெறும் தென்மேற்கு மூலை."

"தோ, படிச்சவரு பேசறாரு. மேஸ்திரி, வாயு மூலைக்கு மாத்துப்பா."

மேஸ்திரி என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. கடப்பாரையைத் தூக்கிக்கொண்டு வடமேற்கே, வீட்டின் மறுகோடிக்கு நடந்தார். வாதாட அலுத்துப்போய், 'டேங்க் இடமாற்றம்' என்று நோட்டில் எழுதினேன். எழுதினேனே தவிர யோசிக்கவில்லை.

சித்திரைக் கடைசியில் டைல்ஸ் ஒட்டி முடித்தார்கள். போய்ப் பார்த்தால், குளியலறைத் தரை படுக்கையறையைவிட முக்கால் அடி உயரம்.

"இன்னா மேஸ்திரி இது?"

"டேங்க்கு நாப்பதடி தள்ளிப் பூட்ச்சே சார். பைப்புக்கு வாட்டம், சரிவு வேணாமா? தரையத் தூக்கினாத்தான் தண்ணி ஓடும்."

"படி இருக்கக் கூடாதுன்னுதானே இதையே கட்டறோம்!"

"ஒரே ஒரு படிதானே சார்."

மனைவி வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து அந்தப் படியைப் பார்த்தாள். திரும்பிப் பின்கதவுக்குப் போய், என் பக்கம் கையை நீட்டினாள். மூன்று படி இறங்கினோம். திரும்பி வந்ததும் என் நோட்டை எடுத்தாள். 'வேலை முடிந்தது' என்று அன்று காலையிலேயே நான் அவசரப்பட்டு எழுதியிருந்ததை அடித்தாள்.

"என் முட்டியவிட உங்கண்ணனுக்கு மூலை பெருசாப் போச்சா?"

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "தரைய உடைச்சு இறக்கு. டேங்க்க கன்னி மூலையிலயே தோண்டு."

"பெரியவரு கேட்டா?"

"வூட்டுத் தலைவனுக்கு ஆவாதுன்னுதானே சொன்னாரு? அந்தத் தலைவன் நான்தான். தோண்டுப்பா."