ஒரே குழியில் இரண்டு பேர்

கனடாவில் ஃபிரேசர் ஆற்றுக்கு மேலே பாறையைக் குடைந்து தண்டவாளம் போட்ட சீனர்களில் மா சேக்லாமைப் போல ஒரு வாயாடி கிடையாது. சமையல்காரன், கோவேறு கழுதை என்று எதையும் விடமாட்டான். ஒரே ஒரு ஆளிடம் மட்டும் அவன் பேசுவதில்லை. அந்த ஆள் ஹக்கா.

ஹக்கா என்றால் விருந்தாளிக் குடி; எப்போதோ வடக்கிலிருந்து சேக்லாமின் ஊர்ப்பக்கம் வந்து குடியேறிய சீனர்கள். தலைமுறை தலைமுறையாக அதே மண்ணை உழுதும் அந்தப் பேர் அவர்களை விடவில்லை. ஊர்ச் சண்டையில் சேக்லாமின் அப்பாவை ஹக்காக்கள் வெட்டிப் போட்டார்கள். சேக்லாமின் ஆட்கள் பதிலுக்குக் கொளுத்திய கிராமங்களைப் பற்றி அவன் வாய் திறக்கமாட்டான். கனடாவுக்கு ஆள் பிடித்த குத்தகைக்காரனுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? அவனுக்குச் சீனன் என்றால் சீனன். எல்லோரையும் ஒரே கூடாரத்தில் அடைத்தான்.

சேக்லாமின் தம்பி யூன் அந்த ஹக்காவோடு ஒட்டிக்கொண்டான்.

“அவன்கூட ஒரே சட்டியில எதுக்குடா திங்கற? அப்பா உசுரோட இருந்தா உன் காலை ஒடிச்சிருப்பாரு.”

“அப்பா உசுரோட இருந்தா நாம ஏண்ணே இங்க வந்து பாறை ஒடைக்கப்போறோம்? அவனும் சோத்துக்குத்தான் வந்திருக்கான். என்னமாப் பாடுறான் தெரியுமா?”

“பாடுறானாம்! போ, போய்த் தாளம் போடு.”

கருவாட்டைக் கடித்துக்கொண்டே யூன் சிரித்தான்.

குகைப்பாதையில் வெடி வைத்த ஒரு நாள், ஒரு வெடி மட்டும் வெடிக்காமல் நின்றுவிட்டது. வெள்ளைக்கார மேஸ்திரி மக்கெல்வி பொறுக்கவில்லை. கல்லை அள்ளச் சொல்லி யூனையும் ஹக்காவையும் உள்ளே விரட்டினான். அவர்கள் உள்ளே போன பிறகுதான் அது வெடித்தது. வெளியே இழுத்துப் போட்டபோது இருவருக்கும் முகம் இல்லை. உடுத்திய சட்டையும் செருப்பும்கூட மிஞ்சவில்லை. ஒரே வயது, ஒரே உயரம்.

மக்கெல்வி ஒரு குழி வெட்டச் சொன்னான். சேக்லாம் பாய்ந்து போய் அவன் முன்னால் நின்றான். தெரிந்த இங்கிலீஷ் எல்லாம் மறந்துபோனது.

“டூ! டூ!” என்று இரண்டு விரலைக் காட்டிக் கத்தினான்.

“ஆமாய்யா, ரெண்டு பேருதான் செத்தாங்க. எனக்கும் கண்ணு இருக்கு. போய் வேலையைப் பாரு,” என்றான் மக்கெல்வி.

ஒரே கம்பளியில் சுற்றி, ஒரே குழியில் இறக்கி, மண்ணைத் தள்ளினார்கள். மறுநாள் அந்தக் குகைக்குள் வேறு இரண்டு பேர் கல் அள்ளினார்கள்.

பாதை முடிந்தது. கொடி கட்டிய ரயிலில் வந்து இறங்கிய பெரிய மனிதர்கள், கிழக்குக் கடலையும் மேற்குக் கடலையும் முடிச்சுப் போட்டு ஒரு தேசத்தையே கட்டிவிட்டோம் என்று முழங்கினார்கள். சேக்லாமின் கூட்டத்தை வேலையை விட்டு நிறுத்தியாயிற்று. இனி ஒரு சீனனும் உள்ளே வராமல் தடுக்க வரியும் போட்டாயிற்று. தேசம் கட்டுகிறவர்களின் மரியாதை அவ்வளவுதான். சேக்லாம் பக்கத்திலிருந்த யேல் ஊரில் துணி வெளுத்துப் பிழைத்தான். ஊருக்குத் திரும்பிப் போக அவனால் முடியவில்லை. வருகிற ஆட்களிடமெல்லாம் அம்மா ஒரே சேதிதான் சொல்லியனுப்பினாள்: யூனைக் கூட்டிக்கொண்டு வா.

ஊர் வழக்கப்படி, புதைத்த ஏழாம் வருடம் எலும்பைத் தோண்டிக் கழுவி, பெட்டியில் வைத்து ஊருக்கு அனுப்ப வேண்டும். தன் மண்ணில் புதைத்து, பேர் சொல்லிக் கூப்பிட்டுச் சோறு வைக்க ஆள் இல்லாவிட்டால் செத்தவன் பசியோடு அலைவான். அதற்காகவே கனடாவிலிருந்த அவன் ஊர்க்காரர்களின் சங்கம் லியூ என்ற கிழவரை அனுப்பியது.

லியூ குழியைத் திறந்தார். கம்பளி மக்கியிருந்தது. இருவரின் எலும்புகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தன.

“என்னப்பா, கட்டிப் புடிச்சுத் தூங்கியிருக்கானுங்க. இதுல உன் தம்பி யாரு?”

“தெரியலையே, பெரியவரே.”

“பல்லு? பழைய காயம்?”

“பல்லு எங்க இருக்கு? நீங்களே பாருங்க.”

“ரெண்டையும் ஏத்த முடியாது. சங்கம் ஹக்காவைத் தொடாது. நான் கண்ணை மூடிக்கிட்டாலும், உங்க அப்பாரு பக்கத்துல ஒரு ஹக்காவைப் படுக்க வைப்பியா?”

சேக்லாம் தலையை ஆட்டினான். அது மட்டும் முடியாது. ஒன்றைத்தான் எடுத்தாக வேண்டும். இடப்பக்கம் கிடந்த மண்டையோட்டைக் கையில் எடுத்தான். கீழே வைத்தான். மறுபடி அதையே எடுத்தான். லியூ எலும்புகளைக் குத்துமதிப்பாகப் பிரித்து, பெட்டியில் யூனின் பெயரை எழுதி ஆணி அடித்தார்; மிச்சத்தைக் குழியிலேயே மூடினார்.

பெட்டி போய்ச் சேர்ந்தது. தினமும் யூனுக்குச் சோறு வைப்பதாகவும், இப்போதுதான் நிம்மதியாகத் தூங்குவதாகவும் அம்மா சொல்லியனுப்பினாள். அதைக் கேட்டுச் சேக்லாம் வாய்விட்டு அழுதான்.

அடுத்த முறை வந்த லியூ, “கப்பல்ல இடம் இருக்கு, வர்றியா?” என்று கேட்டார்.

“எப்படி வருவேன்? அங்க போனது யாருன்னு எனக்குத் தெரியாது. இங்க கிடக்கிறது யாருன்னும் தெரியாது.”

அவன் போகவில்லை. செத்தவர்களுக்குச் சீனர்கள் படையல் வைக்கும் கல்லறைத் திருநாள் தவறாமல் சோறும் கோழியும் எடுத்துக்கொண்டு அந்தச் சரிவில் ஏறினான். முதல் வருடம் சோற்றை வைத்துவிட்டு யூனின் பெயரைச் சொல்ல வாயெடுத்தவன், அப்படியே நின்றான். கிடப்பது அந்த ஹக்காவாக இருந்தால்? அவன் பெயரைச் சேக்லாம் ஒருநாளும் கேட்டதில்லை. அது தெரிந்த ஒரே ஆள் யூன்தான். கீழே சரக்கு ரயில் ஒன்று கத்திக்கொண்டு போனது. அது போகும்வரை காத்திருந்தான்.

பிறகு கூப்பிட்டான்: “தம்பி, வாடா. சோறு ஆறுது.”