தீபாவளிக்குக் குணமானவர்கள்

கட்டிலில் கிடக்கும் நோயாளியை ஒருமுறைகூடப் பார்க்காமல், அவர் இன்னும் அங்கே இருக்க வேண்டுமா, எழுந்து வீட்டுக்குப் போகலாமா என்று முடிவு சொல்வது என் உத்தியோகம். ஜொகூர் பாருவில், தொழிலாளர்களுக்கான அரசாங்கக் காப்புறுதித் திட்டம் ஒன்றின் மனநலப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். மருத்துவமனை “இன்னும் இரண்டு வாரம் வேண்டும்” என்று எழுதும். நாங்கள் குறிப்புகளைப் படித்துவிட்டு “எதற்கு?” என்று கேட்போம். பல வருஷம் தாதியாக நோயாளிகளைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் நான். அதனால் தூரத்தில் இருந்து பார்க்கும் வேலைக்கு என்னைத் தகுதியானவள் என்று எடுத்துக்கொண்டார்கள்.

கல்யாண வீடுகளில் என் அம்மா “மக இன்சூரன்ஸ்ல இருக்கா” என்பதோடு நிறுத்திக்கொள்வார். மனநலம் என்று சொன்னால் அடுத்த கேள்வி என் மனநலத்தைப் பற்றி வந்துவிடும் என்று அவருக்குப் பயம்.

எங்களிடம் ஒரு விதி உண்டு. வார்டில் இருப்பவர் பண்டிகைக்காக வீட்டுக்குப் போய் இரண்டு இரவு தங்கி, பிரச்சினை இல்லாமல் திரும்பினால் அவருக்குக் கட்டில் தேவையில்லை. கேட்க எவ்வளவு நியாயமாக இருக்கிறது! வார்டில் இரக்கப்பட்டுத் தீபாவளி விடுப்புக் கொடுப்பார்கள். நாங்கள் அந்த இரக்கத்தையே சாட்சியாக வைத்து ஆளை வெளியே அனுப்புவோம். தீபாவளிக்கு மறுவாரம் என் மேசையில் முக்கால்வாசிப் பேர் குணமாகியிருப்பார்கள். இந்த அதிசயத்தை எந்த மருத்துவரும் இதுவரை ஆராயவில்லை.

போன தீபாவளிக்குப் பிறகுதான் ஒரு பெண்ணின் விண்ணப்பம் வந்தது. பெக்கோக்கில் வீடு, கையுறைத் தொழிற்சாலையில் வேலை. கடுமையான மனச்சோர்வில் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்து, தப்பி, வார்டுக்கு வந்தவர். வார்டு டாக்டர் இன்னும் இரண்டு வாரம் கேட்டிருந்தார். ஆனால் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போய்வந்த விடுப்பைப் பற்றிக் கணவர் சொன்னதாகத் தாதி எழுதியிருந்தது வேறு மாதிரி இருந்தது. விருந்தாளிகளை வரவேற்றாராம், எல்லாரிடமும் சிரித்துப் பேசினாராம், சாக்லேட் கொடுத்தாராம். விதிப்படி அன்றைக்கே ஆளை அனுப்பிவிடலாம். அனுப்பிய பிறகு மறுபடியும் உயிரை விடப் பார்த்தால் என்ன செய்வது என்பதற்கு விதியில் இடமில்லை.

என்னை உறுத்தியது அந்தச் சாக்லேட்தான். தீபாவளிக்கு வருகிறவர்களுக்கு முறுக்கு கொடுப்போம், நெய் உருண்டை கொடுப்போம், பிள்ளைகள் கையில் பணம் வைத்த அங்பாவ் உறையைத் திணிப்போம். வெளியூரிலிருந்து வருகிறவர்கள்தான் சாக்லேட் கொண்டுவருவார்கள். வார்டிலிருந்து வந்தவர் எந்தக் கடைக்குப் போனார்?

கணவருக்குப் போன் செய்தேன்.

“அவ நல்லா இருக்கா மேடம். வந்தவங்ககிட்டயெல்லாம் நல்லா பேசுனா. வீட்டுக்கு அனுப்பிடுங்க, போதும்.”

“சாக்லேட் யாருங்க வாங்குனது?”

“நான்தான் மேடம். சிகாமட் டவுன்ல.” பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். “அவ சிங்கப்பூர்ல வேல செய்றான்னு சொல்லி வச்சிருக்கோம். வெறுங்கையோட வந்தா ஆளுங்க என்ன நெனப்பாங்க?”

ஆக, வார்டிலிருந்து வந்த பெண் வீட்டில் இரண்டு நாள் சிங்கப்பூர்க்காரியாக நடித்திருக்கிறார். பாலம் தாண்டினால் சிங்கப்பூர் என்பதால் ஜொகூரில் கண்ணில் படாத ஆளுக்கெல்லாம் அதுதான் விலாசம், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நன்றி சொல்லிப் போனை வைத்தேன், அரசாங்க வேலையில் அப்படித்தான் கோபப்பட வேண்டும்.

அடுத்து வார்டுக்குப் பேசி அந்தப் பெண்ணையே கூப்பிடச் சொன்னேன்.

“எப்படி இருக்கீங்கம்மா?”

“நல்லா இருக்கேன் மேடம்.” டாக்டரிடமும் ஆபீஸ்காரர்களிடமும் நம் ஆட்கள் வேறு பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

“சிங்கப்பூர் எப்படி இருந்துச்சு?”

அவர் அழ ஆரம்பித்தார். “முடியல மேடம். அங்க எந்தப் பக்கம் வேல, என் மகனுக்கும் ஒன்னு பாத்துக் குடுன்னு ஒவ்வொருத்தரா கேக்குறாங்க. சிரிச்சுக்கிட்டே இருந்தேன். எல்லாரும் போனதும் பாத்ரூம்ல போய் உக்காந்துட்டேன். இங்க வந்துதான் மேடம் தூங்குனேன். இங்க யார்கிட்டயும் நடிக்க வேணாம் லா.”

என் கண்ணும் கலங்கிவிட்டது. கலங்கிய கண்ணை விண்ணப்பத்தோடு இணைத்து அனுப்ப முடியாது என்பதால் எங்கள் அலுவலக டாக்டரிடம் நேரில் போனேன். கடைசிக் கையெழுத்து அவருடையது. மலாய்க்காரர், நல்ல மனிதர், விதியை மனப்பூர்வமாக நம்புகிறவர்.

“விருந்தாளிகளை வரவேற்றிருக்கிறாரே” என்றார்.

“டாக்டர், போன ராயாப் பெருநாளுக்கு உங்கள் வீட்டுத் திறந்த இல்ல உபசரிப்பில் நீங்களும்தான் எல்லாரிடமும் சிரித்தீர்கள். அன்றைக்கு நலமாகவா இருந்தீர்கள்?”

அவர் பேனாவை எடுத்தார். மாமியார் வீட்டுச் சனம் மொத்தமும் வந்து இறங்கியது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கேட்ட இரண்டு வாரத்துக்கும் கையெழுத்துப் போட்டார்.

அது முடிந்து அந்தப் பெண் வீட்டுக்குப் போனார். சில நாள் கழித்துக் கணவரிடமிருந்து போன் வந்தது. பதறிப்போய் எடுத்தேன்.

“மேடம், அவளுக்கு இன்னும் சரியாகல.”

“என்ன ஆச்சு? சாப்பிடுறாங்களா, தூங்குறாங்களா?”

“அதெல்லாம் நல்லா சாப்பிடுறா, தூங்குறா. வேலைக்கும் போறேங்கிறா. ஆனா பக்கத்து வீட்டு அக்கா, சிங்கப்பூர்லேர்ந்து வந்துட்டியான்னு கேட்டாங்க. இவ, இல்லக்கா, மனசு சரியில்லாம ஆஸ்பத்திரில இருந்தேன்னு வாசல்லயே நின்னு சொல்லிட்டா. ஐயோ, அலமாக், இப்ப ஊருக்கே தெரிஞ்சுபோச்சு. இன்னும் ரெண்டு வாரம் வச்சுப் பாக்கச் சொல்லுங்க மேடம்.”

எத்தனையோ பேருக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன். சொன்ன அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. அன்று மட்டும் சந்தோஷமாகச் சொன்னேன்.

“முடியாதுங்க. அவங்க குணமாயிட்டாங்க.”