தோலக்காவும் நாற்பது பாக்கெட்டும்

என்னை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் அவர் என் பெயரையே கேட்டார். வேலையில் சேர்ந்த முதல் நாள். உருளைக்கிழங்கு வறுவல் போடும் அந்தச் சின்னத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு அறை எங்கே என்று தேடிக்கொண்டு நடந்தேன். தோல் சீவும் இயந்திரத்துக்கு அடியில் இடுப்புவரை குனிந்து, ஈரத்தோலை வாளியில் வாரிக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கை வரை மாவு வெள்ளையாகக் காய்ந்திருந்தது. இரண்டு எட்டு கிட்டே வந்து, என் தலைக்கு மேலிருந்த காற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

“தம்பி, தலைக்கு வச்சிருக்கிற எண்ணெய் காறிப்போச்சு.”

“அம்மா ஊர்லேர்ந்து குடுத்துவிட்டதுங்க.”

“அம்மா குடுத்தா காறாதா? பாட்டிலை ஜன்னல்லதானே வச்சிருக்கே?”

ஜன்னலில்தான் வைத்திருந்தேன். எங்கள் வம்சத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவன் நான், அதுவும் வேதியியலில். எண்ணெய் ஏன் கெடுகிறது என்ற கேள்விக்குப் பரீட்சையில் நான்கு பக்கம் எழுதியவன். அந்த நான்கு பக்கத்தையும் என் தலையிலேயே தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்திருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் பட்டதாரி என்று கேள்விப்பட்டதும் அவருக்கு மரியாதை கூடிவிட்டது. ஆனால் தம்பியை விடவும் மனமில்லை. இரண்டையும் சேர்த்து ‘சார் தம்பி’ ஆக்கிவிட்டார். அவரைத் தொழிற்சாலை முழுக்க ‘தோலக்கா’ என்றுதான் கூப்பிட்டது. அவரைவிடப் பத்து வயது மூத்த முதலாளிகூட.

தோலக்காவின் கட்சி ரொம்ப எளிது. “காத்து இருக்குதே, அது எண்ணெயைக் கடிக்கும். தோல்ல இருக்கிற சத்து முன்னாடி போய் நின்னு அந்தக் கடியை வாங்கிக்கும். கிழங்கு மண்ணுக்குள்ள கெடந்தப்ப அதைக் காப்பாத்துனது யாரு? அந்தக் காவக்காரனை வழிச்சுக் குப்பையில போட்டுட்டு, உள்ள இருக்கிறதை மட்டும் பொரிச்சுப் பாக்கெட்ல அடைச்சா, அது காறாம என்ன பண்ணும்?” இந்தக் காவல்காரனுக்குப் பாடப்புத்தகம் ஆன்டிஆக்சிடன்ட் என்று பெயர் வைத்திருக்கிறது. நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது அக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பேரு பெருசா இருக்கு. வேலை செய்யுமா?” என்றார்.

அவருடைய முறையில் ஒரு ஒழுங்கு உண்டு. இயந்திரத்திலிருந்து விழுந்த தோல் அரை மணிக்குள் வெந்நீரைப் பார்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கறுத்துவிடும். பச்சை ஏறிய தோலைத் தனியாகப் பொறுக்கி எறிவார். “இது விஷம். நம்ம சொந்தக்காரங்கள்ள ரெண்டு பேர் இருப்பாங்கள்ல, அந்த மாதிரி. கூட்டத்துல கலந்துட்டா கண்டுபிடிக்க முடியாது.” பிறகு வறுக்கும் கூடத்தின் சூடான சுவரை ஒட்டித் தட்டுகளில் காயப்போடுவார். காய்ந்ததை இடித்து, வெந்நீரில் ஊறவைத்து, வடிகட்டி, கரண்டியில் ஒட்டுகிற பதம் வரும்வரை சுண்டவைத்து, மறுபடி உலர்த்திப் பொடியாக்குவார். ஒரு மூட்டைத் தோலுக்கு ஒரு டம்ளர் பொடி கிடைக்கும். பார்த்தால் செங்கல் தூள் மாதிரி இருக்கும்.

தொழிற்சாலைத் தோல் போதாதென்று தெருவிலும் வசூல் உண்டு. அவர் தெருவில் இருக்கும் பதினேழு வீடுகளும் வெங்காயத்தோலைப் பையில் போட்டு அவர் வீட்டுக் கதவுக் கைப்பிடியில் மாட்டிவிட்டுப் போகும். காலையில் கதவைத் திறக்கக் கைப்பிடியைத் தேட வேண்டியிருக்கும். ஒவ்வொரு பையையும் பிரித்ததும் அந்த வீட்டின் ஜாதகம் அவருக்குத் தெரிந்துவிடும். “மூணாவது வீட்ல தோலு தடிமனா வருது. மாமியார் வந்திருக்காங்க.” “மாடி வீட்ல ஒரு வாரமா ஒண்ணுமே காணோம். புருஷன் பொண்டாட்டி பேச்சு இல்லை, ஓட்டல்ல சாப்பிடறாங்க.” ஒருமுறை மாடி வீட்டுக்காரர் படியிறங்கி வந்து, “அக்கா, நாங்க சமாதானம் ஆயிட்டோம்” என்று பையைக் கொடுத்துவிட்டுப் போனதை நானே பார்த்திருக்கிறேன்.

காறல் என்பது எண்ணெய்க்கு மட்டும் வருகிற வியாதி என்று அவர் நம்பவில்லை. துருப்பிடித்த சைக்கிள், மஞ்சளடித்த காகிதம், சிடுசிடுக்கும் கணக்கர் எல்லாம் அவருக்கு ஒரே கேஸ். காற்று கடித்துவிட்டது, அவ்வளவுதான். கல்லூரி வாசலில் கறுப்பு அங்கி போட்டு நான் எடுத்துக்கொண்ட பட்டமளிப்புப் படத்தை அறையில் மாட்டியபோது, “ஓரம் பழுக்குது சார் தம்பி, கொஞ்சம் தோல்தண்ணி தடவட்டுமா?” என்று கிண்ணத்தோடு வந்துவிட்டார். படத்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. அவருடைய கணவருக்கு அந்தச் சாமர்த்தியம் இல்லை. அவர் தொழிற்சாலையின் வேன் ஓட்டுகிறவர். முடி கொட்டுவதும் காற்று கடிப்பதால்தான் என்று அக்கா வெங்காயத்தோல் தண்ணீரைத் தடவிவிட, எஞ்சியிருந்த முடி மொத்தமும் செம்பு நிறத்துக்குப் போய்விட்டது. “கொட்டறது நின்னுதா?” என்று கேட்டேன். “கொட்டறது இப்ப தூரத்துலேர்ந்தே தெரியுது சார்” என்றார் அவர்.

இப்படியே போயிருக்கும். ஒரு நாள் முதலாளி, தோலையெல்லாம் தினமும் அள்ளிக்கொண்டு போக ஒரு பன்றிப் பண்ணைக்காரரோடு பேசி முடித்துவிட்டார். தட்டு, வாளி, இடிக்கிற உரல் எல்லாம் காலி செய்ய வேண்டும். அக்கா பொட்டலம் போடும் பகுதிக்குப் போக வேண்டும். செய்தி கேட்டு அக்கா ஈரக்கையோடு முதலாளி அறைக்குள் போனார். நானும் பின்னால் போனேன்.

“மூணு மாசம் குடுங்க முதலாளி. என் பொடி போட்டு நாப்பது பாக்கெட், போடாம நாப்பது பாக்கெட். தொண்ணூறாம் நாள் பிரிச்சுப் பாப்போம். என்னுது காறியிருந்தா தோலைப் பன்னிக்கு அனுப்புங்க, நானே ஏத்திவிடறேன். காறலேன்னா தோலு எனக்கு. பின்னாடி இருக்கிற ரூமும் எனக்கு.”

“சார் எழுதித் தர்ற ரிப்போர்ட்டெல்லாம் வேணாம்” என்றார் முதலாளி, என்னைப் பார்த்துக்கொண்டே. “என் நாக்குதான் லேப். நான் தின்னு பாத்துச் சொல்லுவேன்.”

பொடியை உப்போடு கலந்து தூவிய பாக்கெட்டுகளின் வாயை முறுக்கிச் சிவப்பு நூலால் கட்டினார் அக்கா. பொடி இல்லாதவற்றுக்கு நீல நூல். எல்லாம் என் அறை அலமாரியில் இரண்டு வரிசையாக ஏறின. பூட்டிச் சாவியை என்னிடம் கொடுத்து, “படிச்சவங்க கையில இருந்தா பயமில்லை” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆறு வாரம் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன். வேர்வையில் கழுத்து அரிக்கத் தொடங்கியது. பிறகு பட்டமளிப்புப் படத்தின் பின்னால், அதே ஆணியில், யாருக்கும் தெரியாமல் மாட்டிவைத்தேன்.

தொண்ணூறாம் நாள் வந்தது. பன்றிப் பண்ணை லாரியும் எதற்கும் இருக்கட்டும் என்று வந்து வாசலில் நின்றது. என் அறையில் நிற்க இடமில்லை. முதலாளி, கணக்கர், பொட்டலம் போடும் பெண்கள், வேன் ஓட்டுகிற செம்புத்தலைக் கணவர். அக்கா தலைக்குக் குளித்துவிட்டு வந்திருந்தார். அலமாரியைத் திறந்தேன். இரண்டு வரிசையும் அணிவகுப்பு மாதிரி நின்றன. முதலாளி நீல நூலைப் பிரித்து ஒரு வில்லையை வாயில் போட்டார். முகம் கோணியது. ஜன்னலுக்கு ஓடித் துப்பிவிட்டு வந்து, வாயைக் கொப்பளித்து, “சிவப்பு” என்றார்.

அக்கா சிவப்பு நூல் பாக்கெட் ஒன்றை எடுத்தார். எடுத்த கை அப்படியே நின்றது. அதற்கு எடையே இல்லை. நூலை அவிழ்த்ததும் ‘புஸ்’ என்றது. அடுத்ததை எடுத்தார். அதுவும் புஸ். அதற்கடுத்ததும்.

“என்னம்மா இது, காத்தைப் பொரிச்சிருக்கியா?” என்றார் முதலாளி.

யாரும் சிரிக்கவில்லை.  சிவப்பு வரிசையில் இரண்டு பாக்கெட் காற்று என்பது எனக்கு முன்பே தெரியும். தின்றுவிட்டு ஊதிக் கட்டியது நான்தான். மற்ற முப்பத்தெட்டையும் ஊதியது யார்?

அக்கா கத்துவார், அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் மேஜையிலிருந்து என் நோட்டையும் பேனாவையும் எடுத்துக்கொண்டார். நேராகத் தன் கணவரிடம் போய் நின்றார்.

“எத்தனை?”

“எதும்மா?”

“எத்தனைன்னு கேட்டேன்.”

“... ஏழு.”

“எப்ப?”

“முதல் தடவை ஏழாவது வாரம் இருக்கும். முதல்ல நீல நூலைத்தான் பிரிச்சேன், வாடை வந்துச்சு, கட்டி வச்சுட்டேன். கடைசியா போன வெள்ளிக்கிழமை.”

“போன வெள்ளிக்கிழமை எப்படி இருந்துச்சு?”

“நல்லா மொறுமொறுன்னு இருந்துச்சு. அன்னிக்குப் பொரிச்ச மாதிரி.”

“பதினெட்டு வருஷமா சமைச்சுப் போடறேன். ஒரு நாள் இப்படிச் சொன்னதுண்டா?” என்று கேட்டபடியே எழுதிக்கொண்டார்.

அதற்கப்புறம் வரிசை நகர்ந்தது. பொட்டலம் போடும் பெண்கள் ஐந்து பேர், இருபத்திரண்டு. ஒருத்தி நாள் மறந்துவிட்டது என்றாள். அன்றைக்கு என்ன புடவை என்று கேட்டு அக்கா தேதியைக் கண்டுபிடித்தார். கணக்கர் எட்டு, அவர் ஒவ்வொன்றுக்கும் மணியும் சொன்னார். என் முறை வந்ததும், “ரெண்டு. எண்பத்தி நாலாம் நாள், எண்பத்தாறாம் நாள். வாடை துளிக்கூட இல்லைக்கா” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். சாவி எங்கே இருக்கிறது என்று எல்லாருக்கும் நான் மாட்டிவைத்த வாரமே தெரிந்திருக்கிறது. நான் டீ குடிக்கப் போகும்போதெல்லாம் அங்கி போட்ட நான் சுவரில் கோணலாகத் தொங்கியிருக்கிறேன். நாம் ஒருவர் ஒன்று எடுத்தால் மீதி முப்பத்தொன்பது இருக்கிறதே என்று ஒவ்வொருவரும் நினைத்திருக்கிறோம்.

அக்கா விரல்விட்டுக் கூட்டினார். “முப்பத்தொம்பது. ஒண்ணு குறையுது.”

வெளியே லாரிக்காரர் ஹாரன் அடித்தார். அக்கா மெதுவாகத் திரும்பி, முதலாளிக்கு நேரே நின்று, காற்றை ஒரு இழுப்பு இழுத்தார்.

முதலாளி மின்விசிறியைப் பார்த்தார். பிறகு நாட்காட்டியைப் பார்த்தார். “நேத்து சாயங்காலம்” என்றார். “சும்மா, எல்லாம் சரியா இருக்குதான்னு பாக்க வந்தேன்.”

“ஊதினது?”

“நான்தான்.”

“எப்படி இருந்துச்சு முதலாளி?”

  முதலாளி வாசலுக்குப் போய் லாரியைத் திருப்பிக்கொண்டு போகச் சொன்னார். வெறுங்கையோடு அனுப்ப வேண்டாமே என்று நீல நூல் பாக்கெட்டுகளை அதில் ஏற்றிவிட்டோம். பன்றிகள் மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டதாக மறுநாள் லாரிக்காரர் போன் செய்து கோபித்துக்கொண்டார்.

தோலக்கா இப்போது பின்கட்டு அறையில் இருக்கிறார். உலர்த்தும் இயந்திரம் ஒன்று வந்திருக்கிறது. வீட்டுக் கதவுக் கைப்பிடியில் பக்கத்துத் தெருப் பைகளும் சேர்ந்து தொங்குகின்றன. போன வாரம் ஆறு மாதச் சோதனைக்குப் பாக்கெட்டுகளை அடுக்க என் அறைக்கு வந்தார். கூடையில் சிவப்பு நூலும் நீல நூலும் மட்டுமல்லாமல், இந்த முறை பச்சை நூல் கட்டியதும் நாற்பது இருந்தது.

“பச்சை எதுக்குக்கா?”

“திங்கறதுக்கு.”

அந்த வரிசையைத்தான் முதலில் அடுக்கினார், கைக்கு எட்டும் உயரத்தில். அலமாரியைப் பூட்டினார். சாவியை என்னிடம் நீட்டவில்லை. சுவரிலிருந்த படத்தைத் தூக்கி, பின்னாலிருந்த ஆணியில் சாவியை மாட்டிவிட்டு, அங்கி போட்ட என்னை நேராக்கி வைத்தார்.