இடது கைக்கு மதிப்பெண்

என் மகளின் கை எப்படி இருக்கிறது என்று யாராவது கேட்டால், கொஞ்ச காலம் நான் சதவீதத்தில் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளியில் தமிழாசிரியை கேட்டபோது எழுபத்தெட்டு. சபையில் போதகரின் மனைவி கேட்டபோது எண்பத்துமூன்று. அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு "ஸ்தோத்திரம்" என்றார். கைக்கு ஏது சதவீதம் என்று ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. என்னைப் போல ஒரு வேதியியல் ஆசிரியை சொன்னால் அளந்துதான் சொல்லியிருப்பாள் என்று ஒரு நம்பிக்கை.

செவிலிமேட்டில் தோழி வீட்டிலிருந்து ஸ்கூட்டியில் திரும்பிய மகள், ஒரு திருப்பத்தில் கிடந்த மணலில் சறுக்கி விழுந்தாள். ஹெல்மெட் போட்டிருந்தாள். இடது முழங்கை உடைந்தது. போன் வந்தபோது நான் பன்னிரண்டாம் வகுப்பில் இருந்தேன். கரும்பலகையில் பாதியில் நின்ற சமன்பாட்டைச் சமன்செய்து முடித்துவிட்டுத்தான் கிளம்பினேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாணவிகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள். இப்போதும் வராந்தாவில் யாருடைய போனாவது அடித்தால் என் கையில் சாக்பீஸ் உடைந்துவிடுகிறது. தலைமையாசிரியை அதைப் பார்த்துவிட்டு, பெரிய சாக்பீஸ் பெட்டியை என் மேஜைக்கு மாற்றிவிட்டார்.

எலும்பு சேர்ந்துவிட்டது. நரம்புதான் சேரவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் தங்களுக்கும் அந்தக் கைக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் மடங்கிக் கிடந்தன. நரம்பு மெதுவாகத்தான் வளரும், வரலாம், வராமலும் போகலாம் என்றார் டாக்டர். மகள் நர்சிங் மூன்றாம் ஆண்டு. ஒரு கையில் மருந்துக் குப்பியைப் பிடித்துக்கொண்டு மறு கையால் ஊசியில் ஏற்ற வேண்டும். கல்லூரியில் அன்பாகத்தான் பேசினார்கள். கை சரியானதும் வரட்டும் என்றார்கள். சரியாகாவிட்டால் என்ன என்று அவர்களும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

பிசியோதெரபிஸ்ட் ஒரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். மகள் நாலு நாள் அமுக்கினாள். பிறகு பந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. எடுத்துக் கொடுத்தால் மறுபடியும் போனது. அப்போதுதான் சபையில் வாலிபர் குழுவினர், அலமாரிக்கு மேல் சும்மா கிடந்த கிட்டார் ஒன்றை அவளுக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். இடது கை விரல்களால் கம்பியை அழுத்த வேண்டும், வலது கையால் மீட்ட வேண்டும். பிசியோதெரபிஸ்ட், "பந்துக்கு இது தேவலாம், தாராளமா பண்ணட்டும்" என்றார்.

சொல்லிக்கொடுக்க ஆள் தேடவில்லை. யார் முன்னாலும் அந்தக் கையை நீட்டி உட்கார மாட்டேன் என்று மகள் சொல்லிவிட்டாள். நான் வினாத்தாள் அடிக்கும் பழைய கம்ப்யூட்டரில் ஒரு கிட்டார் சாப்ட்வேரை ஏற்றிக்கொண்டாள். திரையில் ஆறு கம்பிகள் ஓடும். அவற்றின்மேல் வண்ணப் புள்ளிகள் வரிசையாக நகர்ந்து வரும். டிக், டிக் என்று தாளம் கேட்கும். புள்ளி கோட்டைத் தொடும் நேரத்தில் மீட்ட வேண்டும். கம்ப்யூட்டர் அதை மைக்கில் கேட்டு, சரி என்றால் புள்ளியைப் பச்சையாக்கும், தப்பு என்றால் சிவப்பாக்கும். வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம். வராத இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டலாம். சலித்துக்கொள்ளாது, பெருமூச்சு விடாது. ஆசிரியர் வேலையில் எனக்கு வராத இரண்டும் அதற்கு வந்தன. கடைசியில் ஒரு மூலையில் சதவீதம் போடும்.

முதல் வாரம் போட்டது பன்னிரண்டு.

மடங்கிய அந்த இரண்டு விரல்களால்தான் அழுத்திப் பழகினாள்; அவை சரியாக அழுத்தாததால் கம்பியிலிருந்து வரும் ஒலி எறும்பு நடப்பதுபோல இருந்தது. கம்ப்யூட்டருக்குக் கேட்கவில்லை போலும் என்று, மகள் குளிக்கப் போன நேரத்தில் மைக்கின் அளவை முழுசாக ஏற்றிவைத்தேன். தாளமும் தெளிவாகக் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரையும் ஏற்றினேன். பிள்ளை தேர்வு எழுதும்போது மின்விசிறியைச் சரிசெய்து வைப்பதில்லையா, அதுபோல.

எண்கள் ஏற ஆரம்பித்தன. முப்பது, ஐம்பது, அறுபத்தைந்து. பள்ளி விட்டு வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன் திரையைத்தான் பார்ப்பேன். கை எப்படி இருக்குது என்று மகளைக் கேட்கக் கூடாது என்பது வீட்டில் சட்டம். திரையைக் கேட்கலாம்.

"எழுபத்தாறுடி!"

"அது சும்மா குடுக்குதுமா."

"சும்மா எப்படிக் குடுக்கும்? மெஷினுக்கு உன் மேல என்ன பாசம்?"

"எனக்கு விரல் அப்படியேதான் இருக்குது. நான் சொல்றேன் இல்ல?"

தன்னைத் தானே குறைத்துச் சொல்லும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். முதல் மதிப்பெண் எடுப்பவள்தான் பரீட்சை சரியாக எழுதவில்லை என்று அழுதுகொண்டு நிற்பாள். பிசியோதெரபிஸ்ட்டும் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரிசா மாத்தம் தெரியல, பாப்போம்" என்றார். எண்பத்துமூன்று சதவீதம் வந்திருக்கிறதே என்றேன். "எதுல?" என்றார். சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த நரம்புப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். வீடு திரும்பும் வழியில், வேறு பிசியோதெரபிஸ்ட் பார்க்கலாமா என்று மகளிடம் கேட்டேன். அவள் ஷேர் ஆட்டோவுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

தொண்ணூற்றொன்று வந்த அன்று கேசரி கிண்டினேன். அதற்கு அடுத்த வாரம் ஒரு மாலை, பள்ளி விட்டு வந்து திரையைப் பார்த்தால் ஒன்பது.

கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். மறுபடி வாசிக்கச் சொன்னேன். ஏழு. மறுபடி. பதினொன்று. நரம்பு விட்டுப்போய்விட்டது என்று முடிவு செய்தேன். பிசியோதெரபிஸ்ட்டுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. டாக்டருக்குச் செய்தேன், கம்பவுண்டர் எடுத்து, வீக்கம் இருக்கா, வலி இருக்கா, ஜுரம் இருக்கா என்று வரிசையாகக் கேட்டார். எதுவும் இல்லை, எண்பது சதவீதம் குறைந்துவிட்டது என்றேன். நாளைக்கு வாங்கம்மா என்றார். ஷிப்ட் முடிந்து வந்த அவள் அப்பாவிடம், வேலூருக்கா சென்னைக்கா என்று மட்டும் கேட்டேன்.

"காலைல என் கையிலேர்ந்து காபி டம்ளர் வாங்கினாளே, நல்லாத்தானே இருந்தா?"

"அது வலது கைங்க."

"அப்ப கம்ப்யூட்டருக்குத்தான் ஜுரமா இருக்கும்," என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். நான் பையில் எக்ஸ்ரேக்களை எடுத்துவைத்தேன். மகள் இடது கை விரல்களை வலது கையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தி, விட்டுவிட்டு, அவை மறுபடி மடங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் லீவு போட்டேன். கிளம்புவதற்கு முன் ஒரு தடவை வாசித்துப் பார்ப்போம் என்று சொன்னவள் மகள்தான். கம்ப்யூட்டரைப் போட்டு, பாடத்தை ஓடவிட்டு, தண்ணீர் குடிக்க அடுப்படிக்குப் போனாள். கிட்டார் நாற்காலிமேல் படுத்திருந்தது. டிக், டிக். புள்ளிகள் நகர்ந்து வந்தன. கோட்டைத் தொட்ட முதல் புள்ளி பச்சையானது. அடுத்ததும் பச்சை. அடுத்ததும்.

நான் கிட்டாரைப் பார்த்தேன். அது ஒன்றும் செய்யவில்லை.

"இங்க வாடி," என்றேன். டம்ளரோடு வந்தவள் கதவருகே நின்று திரையைப் பார்த்தாள். இரண்டு பேரும் நின்றபடியே ஒரு பாடம் முழுவதையும் பார்த்து முடித்தோம். எண்பத்தொன்பது. திரை எங்களைப் பாராட்டி நட்சத்திரம் தூவியது.

மகள் மெல்லச் சுவரில் கை வைத்தாள். "அம்மா. தறி."

இதைத்தான் வெளியூர்க்காரர்களுக்கு விளக்கிச் சொல்ல முடிவதில்லை. எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் பட்டுத் தறி. ஊடு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஒருதரம் குறுக்கே ஓடினதும், அந்த நூலை நெருக்கத் தறிப் பலகை வந்து அடிக்கும். அந்தச் சத்தம் காலையில் ஆரம்பித்தால் விளக்கு வைக்கும்வரை கேட்கும். ஐயம்பேட்டையில் இந்தத் தெருவுக்குக் குடிவந்த புதிதில் எனக்குத் தலைவலி வந்தது. பிறகு காது அதைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டது. எங்கள் வீட்டுக்கு முதல்முறை வருபவர்கள் "என்ன சத்தம்?" என்பார்கள். "என்ன சத்தம்?" என்று நாங்கள் கேட்போம். எங்கள் யாருக்கும் கேட்காத அந்தச் சத்தத்தை, நான் ஏற்றிவைத்த மைக் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறது. ஆரம்பப் பாடங்களில் எந்த ஸ்வரம் என்று சாப்ட்வேர் பார்ப்பதில்லையாம், நேரத்துக்கு ஒரு சத்தம் வந்ததா என்றுதான் பார்க்குமாம். மகள் அப்போதுதான் அதைச் சொன்னாள்.

ஆனால் தறி எப்படித் தாளத்துக்குச் சரியாக விழும்? பக்கத்து வீட்டுக்குப் போனேன். அந்த வீட்டு நெசவுக்கார அண்ணன் தறிக் குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தார். அரக்கு நிறப் பட்டு பாதி வந்திருந்தது.

"வாங்க டீச்சர். இன்னா, பாப்பா டிக் டிக்க நிறுத்திட்டாளா?"

"உங்களுக்குக் கேக்குதா?"

"கேக்காம? சுவத்துல ஆணி அடிச்ச மாதிரி கேக்குது. நல்லா இருக்குது டீச்சர், கைக்கு சரியா வந்து விழுது. அது பாட்டுக்கு அடிக்குது, நான் பாட்டுக்கு நெய்ஞ்சிக்கினு இருக்கேன்."

"அது நின்னா இவரும் நின்னுடறாரு," என்றார் அவர் மனைவி, நூல் சுற்றிக்கொண்டே. "எட்டிப் பாருடி, பாப்பா எங்கயாவது போயிட்டாளான்னு என்னைத் தொரத்தறாரு."

"நேத்து ஏன் நெய்யல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "நேத்து அமாவாசை டீச்சர்," என்றார் அவர். "அமாவாசைக்குத் தறில உக்காருவோமா?"

இத்தனை வருஷம் இந்தத் தெருவில் இருக்கிறேன். அமாவாசைக்குத் தறி ஓயும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். எக்ஸ்ரேயை எடுத்துவைக்கும்போது யாருக்கு அதெல்லாம் நினைவுக்கு வருகிறது. விஷயத்தைச் சொன்னேன். அவர் நாடாவைக் கீழே வைத்தார்.

"எனக்கு எவ்ளோ போட்டுச்சு?"

"அதிகபட்சம் தொண்ணூத்தொண்ணு."

"மீதி ஒம்போது எங்க போச்சு?"

"நூல் அறுந்து குந்திக்கினு இருந்தியே, அப்ப போயிருக்கும்," என்றார் மனைவி.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அப்ப பாப்பாவுக்கு?" என்று கேட்டார்.

நான் வீட்டுக்கு வந்தேன். பாப்பாவுக்கு ஒன்பது. முந்தின நாளைய ஏழும் பதினொன்றும் ஒன்பதும்தான் அவளுடையவை. நான் ஊரெல்லாம் சொன்னதும், கேசரி கிண்டியதும், சபையில் ஸ்தோத்திரம் வாங்கியதும் பக்கத்து வீட்டு அண்ணனின் கைக்கு. அவர் கையில் எந்தக் குறையும் இல்லை.

அழுவாள் என்று நினைத்தேன். "நான்தான் அப்பவே சொன்னேனே," என்றாள் மகள், கொஞ்சம் நிம்மதியாகவே. ஒரு மாதமாக அவள் கை அவளிடம் ஒன்று சொல்ல, நானும் கம்ப்யூட்டரும் வேறொன்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறோம். வேலூருக்குப் போகவில்லை. பிசியோதெரபிஸ்ட்டிடம் போனோம். அவரிடம் நான் சதவீதம் எதுவும் சொல்லவில்லை. மோதிர விரலை மட்டும் தனியாக அழுத்துவதற்கு ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்தார்.

கம்ப்யூட்டரைப் பின்னறைக்கு மாற்றினோம். மகள் மைக்கைக் குறைத்தாள், ஹெட்போன் மாட்டிக்கொண்டாள். பிறகு முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்திரியைக் கிழித்து, திரையில் சதவீதம் வரும் மூலையில் ஒட்டினாள். "நீ இதைப் பிரிச்சுப் பாத்தேன்னு வெச்சுக்கோ," என்றாள். பாக்கியைச் சொல்லவில்லை. நான் பிரிக்கவில்லை. ஓரம் கொஞ்சம் தூக்கியிருப்பது நான் செய்ததல்ல, பின்னறையில் வெக்கை அதிகம்.

இரண்டு நாள் கழித்து அண்ணன் வந்து, டிக் டிக் இல்லாமல் கை ஓடவில்லை என்றார். மகள் அவர் போனில் தாளத்தை மட்டும் ஏற்றிக் கொடுத்தாள். இப்போது அது சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எங்களுக்குக் கேட்கிறது. அதோடு தறியும் கேட்கிறது. என் காது அதை மறுபடி கணக்கில் சேர்த்துக்கொண்டுவிட்டது. தலைவலியும் திரும்ப வந்துவிட்டது.

போன வாரம் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன். பின்னறையிலிருந்து ஒரே கம்பி, திரும்பத் திரும்ப. அழுத்தம் போதாமல் தொப், தொப் என்றுதான் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று ஒன்று கொரகொரவென்று நீண்டு அதிர்ந்தது. கரகரப்பான, மூக்கடைத்த ஒலி. ஆனாலும் ஒலி. நான் சிவப்புப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போனேன். அவள் ஹெட்போனை இறக்கிவிட்டு, கம்பியில் வைத்த மோதிர விரலை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். நுனி வெளுத்திருந்தது.

"இது யாருது, சொல்லு பாப்போம்," என்றாள்.

"உன்னுதுதான்."

"எப்படி அவ்ளோ கரெக்டா சொல்ற? தறி ஓடிக்கினுதான் இருக்குது."

"அவரு இவ்ளோ மோசமா அடிக்க மாட்டாரு."

"போம்மா," என்று சொல்லிவிட்டு, விரலை எடுத்து, மறுபடி வைத்து அழுத்தினாள்.