திங்கட்கிழமை வாங்க வேண்டிய கண்ணாடி

எனக்குத் தூரத்தில் இருப்பது தெரியவில்லை என்பதை முதலில் காட்டிக்கொடுத்தது எங்கள் ஊர்க் கடற்கரையில் நிற்கும் நினைவுக் கல்தான். சுனாமி அலையில் போனவர்களின் பெயர்களை அதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். ஒருநாள் அந்தக் கல்லில் மூக்கு உரச நின்று நான் படித்துக்கொண்டிருந்ததை, மீன் கூடையோடு அந்தப் பக்கம் வந்த அம்மா பார்த்துவிட்டாள். நாலடி தள்ளி நிறுத்திப் படிக்கச் சொன்னாள். எனக்கு வெறும் கல்தான் தெரிந்தது.

நான் படித்துக்கொண்டிருந்தது என் பெயரை. இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. எங்கள் வகுப்பில் பல பேருக்கு அந்தக் கல்லில் பெயர் உண்டு. அலைக்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்குப் போன பிள்ளைகளின் பெயரையே வைத்தார்கள். போனது திரும்பி வந்துவிட்டதாக மனசுக்கு ஒரு சமாதானம். எனக்கு வைத்தது அக்காவின் பெயர். அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை, வீட்டோடு போய்விட்டது. "மூத்தவளை அப்படியே உரிச்சு வச்சிருக்கு" என்று ஊரார் என்னைப் பார்த்துச் சொல்வதை வைத்துத்தான் அவள் எப்படி இருந்திருப்பாள் என்று நான் தெரிந்துகொண்டேன். கல்லில் பெயருக்குப் பக்கத்தில் வயது எட்டு என்று இருந்தது. எனக்கும் அப்போது எட்டு நடந்துகொண்டிருந்தது. ஒன்பது பிறப்பதற்குள் என்னையும் ஏதோ ஒன்று வந்து கூட்டிக்கொண்டு போய்விடும் என்று உள்ளூர நடுங்கிக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை அடம்பிடித்து வைத்த அம்மாவே ஒருநாளும் அதைச் சொல்லி என்னைக் கூப்பிட்டதில்லை. அவளுக்கு நான் பாப்பாதான். கோபம் வந்தால் சனியன்.

கண்ணாடி வாங்குவது என்று முடிவானதும், "அந்தப் பழைய கண்ணாடிக்கடை பாய்கிட்டயே போயேன், காரைக்கால்ல அவரை அடிச்சுக்க ஆள் கிடையாது" என்றார் அப்பா. அம்மா சோற்றுத் தட்டை நங்கென்று அவர் முன்னால் வைத்தாள். அந்தப் பேச்சு அதோடு நின்றது.

முதலில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஏசி போட்ட கடை ஒன்றில் வாங்கினோம். மெஷினில் தாடையை வைக்கச் சொல்லி, ஒரு நிமிஷத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. அந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடந்தால் தரை குழி விழுந்த மாதிரி இருந்தது. இருக்கிற படி இல்லாத மாதிரியும் இல்லாத படி இருக்கிற மாதிரியும் தெரியும். பள்ளிக்கூடத்து வாசலில் விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்டேன். திரும்பக் கொண்டுபோய்க் காட்டியதற்கு, "போகப்போகப் பழகிடும்" என்றார்கள். அடுத்த கடையில் அம்மாவுக்கு ஆளின் பேச்சு பிடிக்கவில்லை. அதற்கடுத்த கடையில், கண் டாக்டர் அடுத்த வாரம்தான் வருவார் என்றார்கள். வெளியே வந்து ரோட்டைக் கடக்கும்போது ஆட்டோ எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அம்மா முடியைப் பிடித்து இழுத்ததால் பிழைத்தேன். ஆட்டோக்காரர் திட்டிவிட்டுப் போனார். அம்மா வெகுநேரம் என் கையை விடாமல் நின்றாள். பிறகு "வா" என்று சொல்லி நடந்தாள். யாரிடமும் வழி கேட்கவில்லை.

உயரமான மரக்கதவு வைத்த பழைய வீடுகள் இருக்கும் சந்து அது. உச்சி வெயிலில் ஒரு நாய்கூட இல்லை. கடைக்குள் நுழைந்ததும் வெளிச் சத்தமெல்லாம் நின்றுபோன மாதிரி இருந்தது. சுவர் முழுக்கக் கண்ணாடிகள் மாட்டியிருந்தன, ஆள் இல்லாமல் கண்கள் மட்டும் நம்மைப் பார்ப்பது போல. நடுவில் வெள்ளைத் தொப்பி போட்ட வயசான பாய் உட்கார்ந்திருந்தார். அவர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்.

நாங்கள் இன்னும் வாயே திறக்கவில்லை.

"திங்கக்கிழமை வந்து வாங்கிக்குங்கன்னு சொன்னேனேம்மா. புள்ளைக்குக் கண்ணு தெரியாம இருக்கும்போது இப்படியா அசட்டையா இருக்கிறது?" என்று அம்மாவைக் கடிந்துகொண்டார்.

பிற்பாடு அப்பா சொல்லித்தான் எனக்கு விஷயம் தெரியும். அக்காவுக்குக் கண் பார்த்தது அந்தக் கடையில்தான், ஒரு வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை தருவதாகச் சொல்லியிருந்தாராம். இடையில் வந்த ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் அலை வந்தது. அன்றைக்கு எனக்கு இது எதுவும் தெரியாது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டது என்னை இல்லை, எனக்கு முந்தி இருந்தவளை என்பது மட்டும் புரிந்தது.

அவர் குனிந்து கீழ் டிராயரை இழுத்தார். அதில் நிறையக் கண்ணாடிகள் கிடந்தன. பெரியவர்கள் போடுவது, குழந்தைகள் போடுவது, எல்லாம் கால் மடக்கிப் படுத்திருந்தன.

"இதெல்லாம் யாருதுங்க பாய்?" என்றாள் அம்மா. குரல் அவள் குரலாகவே இல்லை.

"செய்யச் சொல்லிட்டு வாங்க வராதவங்களுதும்மா. எங்க போயிடுவாங்க? நீங்க வந்த மாதிரி ஒவ்வொருத்தரா வந்துக்கிட்டுதான் இருக்காங்க. நேத்துகூட ஒரு ஆளு ஈரச்சட்டையோட வந்து வாங்கிட்டுப் போனாரு."

வெளியே மழை பெய்து மாதக் கணக்காகியிருந்தது. நான் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டேன். இப்போது சொல்லிவிடுவாள் என்று காத்திருந்தேன். 'இது அவ இல்ல பாய், இது சின்னவ' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "ஊர்ல இல்லைங்க பாய், அதான் வர முடியல" என்றாள்.

அதற்குப் பிறகு நான் பார்த்தது வேறொரு அம்மா. பாய் கேட்கக் கேட்க இவள் சொல்லிக்கொண்டே போனாள். முன்பல் முளைத்துவிட்டதா என்று அவர் கேட்டார். முளைத்துவிட்டது, இப்போது கரும்பைக்கூட விடுவதில்லை என்று சிரித்தாள். இவளுக்கு இருட்டென்றால் பயமே கிடையாது என்றாள். எனக்கு இருட்டென்றால் உயிர் போகும். வாய் ஓயாமல் பாடுவாள் என்றாள். நான் பாடி யாரும் கேட்டதில்லை. அக்காவைப் பற்றி வீட்டில் ஒரு சொல் பேசாதவள், கையை என் தோளில் வைத்துக்கொண்டு, அவள் இன்று காலையில்தான் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பியது போலப் பேசினாள்.

"அப்ப பொரிஞ்சு தள்ளுச்சு, இப்ப வாயைத் திறக்க மாட்டேங்குதே?" என்றார் பாய்.

அம்மா என் பெயரைச் சொன்னாள். முழுசாக, அவ்வளவு செல்லமாக. "பாய் கேக்குறாங்கல்ல, பதில் சொல்லு" என்றாள். அவள் வாயால் அந்தப் பெயரைக் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அவள் கூப்பிடுவது என்னை இல்லையே.

பாய் சிவப்பு பிளாஸ்டிக் கண்ணாடி ஒன்றைத் துடைத்து என் முகத்தில் மாட்டினார். காதில் அச்சாக உட்கார்ந்தது. முன்னால் இருந்த நிலைக்கண்ணாடியில் ஒரு பெண் சிவப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவ்வளவு தெளிவாக நான் அந்த முகத்தை அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் சிரிக்காமல் இருக்கும்போதே அவள் சிரித்துவிடுவாளோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் நிஜமாகவே வந்துவிட்டால் நான் எங்கே போவது? எனக்கென்று ஒரு பெயர்கூட இல்லையே.

"எழுத்தைப் படி தாயீ" என்றார் பாய். ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு படித்தேன். வலது கண்ணில் கடைசி வரி வரைக்கும் பளிச்சென்று தெரிந்தது. இடது கண்ணுக்கு மாற்றியதும் எழுத்தெல்லாம் கலங்கிவிட்டது. ஆனால் எழுத்துதான் ஏற்கனவே மனப்பாடமாகிவிட்டதே.

"இடது கண்ணும் நல்லாத் தெரியுதா?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இது அவள் இல்லை என்று பாய்க்குத் தெரிந்துவிடும், நான் நானாகவே வீட்டுக்குப் போகலாம். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இன்னும் இருந்தது. எட்டு வருஷத்தில் நான் ஒருமுறைகூட வரவழைக்காத சிரிப்பு.

"நல்லாத் தெரியுது" என்று சொல்லிவிட்டு, வரிகளைக் கடகடவென்று ஒப்பித்தேன்.

"நூறு வயசுக்கு நல்லா இரு" என்று பாய் என் தலையில் கை வைத்தார். கை சில்லென்று இருந்தது.

சந்து திரும்பியதும் அம்மா ஒரு வீட்டுச் சுவர் நிழலில் என்னை நிறுத்தினாள். வலது கண்ணைத் தன் உள்ளங்கையால் பொத்தி, எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரைப் படிக்கச் சொன்னாள். போஸ்டர் எனக்கு மனப்பாடம் இல்லை. ஒரு எழுத்தைக்கூடப் படிக்க முடியவில்லை.

அம்மா கண்ணாடியை என் முகத்திலிருந்து கழற்றினாள். முந்தானையால் துடைத்து, கால்களை மடக்கி, பையின் அடியில் வைத்தாள். "இது உனக்கு வேணாம் பாப்பா" என்றாள். அப்படியே மெயின் ரோட்டுக்கு வந்து, வழியில் முதலில் தென்பட்ட கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தாள். "இது என் ரெண்டாவது பொண்ணு. இவளுக்கு முதல்லேருந்து கண்ணு பாருங்க. எவ்வளவு நேரமானாலும் இருக்கேன்" என்றாள்.

எவ்வளவு நேரமும் ஆகத்தான் செய்தது. அந்தக் கடையில் கண் பார்த்த பெண், "அழுகையை நிறுத்துனாத்தான் பாப்பா பார்க்க முடியும்" என்று கெஞ்சிக்கொண்டே இருந்தார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். என்னால் நிறுத்த முடியவில்லை. பாய் கடையில் கிடைத்த மூத்தவளின் இடத்தைக் கோட்டை விட்டுவிட்டேன், அந்தப் போஸ்டரை மட்டும் படித்திருந்தால் அம்மா என்னை இரண்டாவதாகத் தள்ளியிருக்க மாட்டாள் என்றுதான் அன்றைக்கு நான் அழுதேன்.