வாசலில் வேப்பிலைக் கலயம்

பால்காரம்மாள் அன்று காலை எங்கள் வாசலுக்கு வரவில்லை. தெருவின் எதிர்ப்பக்கத்திலேயே நின்று செம்பில் பாலை ஊற்றித் தரையில் வைத்தாள். எங்கள் கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். மதுரைக்கு வந்து ஒரு வருஷமாகியும் இந்த ஊர் எனக்குப் பிடிபடவில்லை. மோல்மீனிலிருந்து உயிர் தப்பி வந்து இன்று தமிழ்நாட்டு ஊர்களில் சிதறிக் கிடக்கும் நம்மவர்களுக்கு நான் சொல்வது புரியும். அங்கே நம்மைக் ‘காலா’ என்றார்கள், கறுப்பன் என்று. இங்கே ‘பர்மாக்காரர்’ என்கிறார்கள். என் தாத்தா பிறந்த சீமை இதுதான் என்று சொன்னால், கோரிப்பாளையத்தில் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்கிறார்கள், நம்புவதில்லை.

எனக்கிருந்த கவலையில் பால் எங்கே இருந்தால் என்ன என்று செம்பை எடுத்துவந்தேன். கவலை என் மனைவி மா சேனைப் பற்றியது. அவள் நிறைமாதம். வளர்ந்ததெல்லாம் மோல்மீனில்தான், பிறந்தது மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், சயாமில். சென்னைத் துறைமுகத்தில் இறங்கியபோது கேட்ட கேள்விக்கு நான் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன். யுத்தத்தில் சயாம் ஜப்பானோடு சேர்ந்துவிட்டதால் அவள் எதிரி தேசத்துப் பெண்ணாகிவிட்டாள். அப்படிப்பட்டவர்களை வடக்கே முள்வேலி முகாமுக்கு அனுப்புகிறார்கள் என்று பேச்சு. புருஷன் பிரிட்டிஷ் ராஜ்யத்து ஆள் என்றால் மனைவியும் அப்படித்தான் என்று சட்டம் இருக்கிறதாம். ஆனால் எங்கள் கல்யாணம் அந்த ஊர் வழக்கப்படி நடந்தது. ஊரார் பார்க்க ஒரே தட்டில் சாப்பிட்டோம், ஒரே வீட்டில் குடியேறினோம், அவ்வளவுதான். பத்திரமும் கிடையாது, தாலியும் கிடையாது. முதல் முறை விசாரிக்க வந்த ஏட்டு, அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்த பார்வையை நான் இன்னும் மறக்கவில்லை.

அதே ஏட்டு அன்று வெயில் ஏறும் நேரத்தில் இரண்டாம் முறை வந்தார். கையில் மடித்த உத்தரவு தெரிந்தது. மா சேனைக் கொண்டுபோகத்தான் என்று புரிந்தது. ஆனால் அவர் வாசலுக்குப் பத்தடி முன்னாலேயே நின்றுவிட்டார். தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, தணிந்த குரலில், “ஆத்தா வந்திருக்காளா? சரி சரி. தலைக்குத் தண்ணி ஊத்துனதும் சொல்லி விடுங்க. அப்புறமா வாரேன்” என்றார். எனக்கு ஆச்சரியம். நம் மோல்மீனில் சித்திரைப் பிறப்புக்கு ஒருவர் மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றிக் கொண்டாடுவோமே, அது இவருக்கும் தெரிந்திருக்கிறதே என்று பூரித்துப்போய், அவசியம் சொல்லி விடுகிறேன் என்று கும்பிட்டேன்.

வீட்டுக்காரர் ராவுத்தர் வந்துதான் என் மண்டையில் ஏற்றினார். மா சேன் முந்தின நாள் வாசலில் புத்தாண்டுக் கலயம் வைத்திருந்தாள். மோல்மீனில் ஒவ்வொரு வீட்டு முகப்பிலும் வைப்பதுதான். கலயத்தில் தண்ணீர், அதில் தபியே என்கிற மங்கலத் தழை. இங்கே தபியேவுக்கு எங்கே போவது? கொல்லையில் நின்ற வேப்பமரத்தில் இரண்டு கொத்து ஒடித்துச் செருகிவிட்டாள். சித்திரை வெயிலில், வாசலில் தண்ணீரும் வேப்பிலையும் வைத்தால் மதுரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான்: வீட்டுக்குள் அம்மை போட்டிருக்கிறது. வெளியாள் உள்ளே வரமாட்டான், உள்ளாள் வெளியே போகக்கூடாது. “போலீசே தலப்பாவக் கழட்டிட்டு நிக்கிற எடம்யா அது” என்று ராவுத்தர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஓடிப்போய்க் கலயத்தை எடுக்கக் கை நீட்டினேன். நீட்டிய கை அப்படியே நின்றது.

எடுத்தால் ஏட்டு வருவார். எடுக்காவிட்டால் மருத்துவச்சி வரமாட்டாள். கலயத்தை எடுக்காமலே மாசி வீதியில் இருந்த ஒரு வக்கீலிடம் ஓடினேன். யுத்தகாலச் சட்டத்துக்குக் கை நீளம்தான், ஆனாலும் மடக்குவதற்கு முழங்கை என்று ஒன்று உண்டு என்றார் அவர். பிடித்துக்கொண்டு போனால் ஒரு பகல் ஓர் இரவுக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தச் சொல்லிக் கேட்கலாம். பெண், நோயாளி என்றால் ஜாமீனில் விடவும் இடமிருக்கிறது. உள்ளூரில் ஒருவர் பொறுப்பேற்க வேண்டும். அந்த ஒரு பகல் ஓர் இரவுக்குள் அவளுக்கு வலி கண்டால் என்ன செய்வது என்று கேட்டேன். பொறுப்பேற்கிறவரைக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள் என்றார். வீடு திரும்பி மூன்று நாள் அந்த வேப்பிலையை வாடவிடாமல் மாற்றி மாற்றி வைத்தேன். தெருவே எங்களை விட்டு விலகி நடந்தது. மா சேன் கதவிடுக்கு வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

நான்காம் நாள் உச்சிவேளையில் வலி கண்டது. மருத்துவச்சி பேச்சியம்மாளின் வீடு இரண்டு தெரு தள்ளி. அவள் என்னைப் படியேற விடவில்லை. “ஆத்தா இருக்குற வீட்டுக்கு எப்பிடிப்பா வருவேன்? நான் பச்சப்புள்ளக இருக்குற வீட்டுக்கெல்லாம் போறவ.” சுற்றிலும் ஆட்கள். காப்பிக்கடை வாசலில் ஒரு போலீஸ்காரன் டம்ளரோடு நின்றான். அங்கே வைத்துச் சொல்லுவதைத் தவிர வேறு வழியில்லை. அம்மை இல்லை, வேப்பிலை எங்கள் வருஷப்பிறப்புக்கு வைத்தது என்று கத்திச் சொன்னேன். போலீஸ்காரன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஸ்டேஷன் பக்கம் நடந்தான். பேச்சியம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு எனக்கு முன்னால் நடந்தாள்.

ஏட்டு கதவு வரை வந்தபோது உள்ளே மா சேன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் கோபம் உத்தரவைப் பற்றியதாகவே இல்லை. “என்னை ஏமாத்தலாம். ஆத்தா பேரச் சொல்லியா ஏமாத்துறது?” என்றார். வக்கீல் சொன்னதை நான் உளறிக் கொட்டினேன். பேச்சியம்மாள் கதவைப் பாதி திறந்து, நனைந்த கையோடு நின்று, “ஏட்டையா, இவள இப்ப அசைச்சா ரெண்டு உசுரு. பொறவு நீங்க மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்லிக்கங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். ராவுத்தர் தான் பொறுப்பு என்றார். ஏட்டு உத்தரவைப் பைக்குள் வைத்தார். கடைசியில் கலயத்தைத் தாண்டாமல், அதைச் சுற்றிக்கொண்டு திரும்பிப் போனார்.

பையன் பிறந்தான். தீட்டுக் கழிந்ததும் மாஜிஸ்திரேட் முன்னால் போனோம். பச்சை உடம்புக்காரியை முகாமுக்கு அனுப்ப வேண்டியதில்லை, மறு உத்தரவு வரை இங்கேயே இருக்கட்டும் என்று தீர்ப்பாயிற்று. திங்கள்தோறும் ஸ்டேஷனுக்கு வரவேண்டும்; கிழக்கே ஒத்தக்கடையைத் தாண்டக்கூடாது. மறு உத்தரவு எப்போது வரும் என்று யாரும் சொல்லவில்லை. தபால்காரன் தெருவில் திரும்பினாலே இன்றும் நான் வாசலுக்கு வந்து நிற்கிறேன். பிள்ளையும் ஆஜராக வேண்டுமா என்று அன்று ஏட்டிடம் கேட்டேன். அவர் முதல்முறையாகச் சிரித்தார். “இவன் எதுக்கு? இவன் நம்ம ஊர்க்காரன்ல.”

மா சேனுக்குப் பர்மிய எழுத்தில் அழகாகக் கையெழுத்து வரும். இங்கே அதை யார் படிப்பது என்று கட்டைவிரல் கேட்கிறார்கள். ஒவ்வொரு திங்களும் அவள் ரேகை வைக்கும்போது ஏட்டு பிள்ளையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறார், பிறகு திருப்பித் தருகிறார். போன வாரம் பிள்ளை வீறிட்டு அழுதான். அவள் விரலைத் துடைக்காமலே அவசரமாக வாங்கிக்கொண்டாள். அவன் கன்னத்தில் கறுப்பாக மை அப்பிக்கொண்டது. நம்ம ஊர்க்காரன் மேல் அது இருப்பது ஏட்டுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. தன் துண்டை எச்சிலில் நனைத்துத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தார். பிள்ளையின் கன்னம்தான் சிவந்தது. மை போகவில்லை.