புரோன்யாவின் காலிப் பாத்தி

புரோன்யாவுக்குத் தன் தங்கை லூட்காவின் மேல் பொறாமை. அதை அவளே ஒப்புக்கொள்வாள், ஆனால் பொறாமை என்று சொல்லமாட்டாள். "அவளுக்கு எல்லாம் சும்மா கிடைக்குது" என்பாள்.

வூட்ஜ் நகரத்து நூற்பாலையில் அக்காவும் தங்கையும் ஒரே ஷிப்டில் வேலை பார்த்தார்கள். ஊர் ஓரத்தில் ஆலை கொடுத்த தோட்டத் துண்டுகளும் பக்கத்துப் பக்கத்தில்தான், நடுவில் இடுப்பளவு வேலி. புரோன்யாவின் பக்கம் முள்ளங்கியும் வெங்காயமும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையில் நிற்கும். மண்ணை அவள் சல்லடையில் சலித்துத்தான் பாத்தி போடுவாள். லூட்காவின் பக்கம் களைதான் அதிகம். அதன் நடுவே ஒரு மணல் திட்டு. பிள்ளை இல்லாத வீட்டுக்கு மணல் திட்டு எதற்கு என்று யாரும் கேட்கவேண்டாம். புரோன்யாவின் மகள் ஆனேல்காவுக்காகத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆனேல்கா வேலியைத் தாண்டிவிடுவாள். மணலில் வளைந்து வளைந்து ஒரு சைக்கிள் பந்தயப் பாதை இழுப்பார்கள். சோடா பாட்டில் மூடிக்குள் மெழுகை உருக்கி ஊற்றி, வீரன் பெயரை ஒட்டி, விரலால் சுண்டி ஓட்டுவார்கள். பாதையை விட்டு வெளியே போனால் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். கொஞ்ச நேரத்தில் புரோன்யாவின் கணவன் வித்தோல்டும் போய் மண்டி போட்டுவிடுவான். அங்கிருந்து வரும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு இவள் தனியாகக் களை பிடுங்குவாள். பிடுங்கும் வேகத்தில் சில நாள் கீரையும் சேர்ந்து வந்துவிடும்.

அவளுக்கு விளையாடத் தெரியாது, அதுதான் விஷயம். அம்மா இறந்தபோது புரோன்யா பள்ளிக்கூடம் போகிற வயதில் இருந்தாள். அன்றிலிருந்து அடுப்பும் துணியும் அவள் தலையில் விழுந்தன. கீழே முற்றத்தில் லூட்கா மூடி சுண்டும்போது, மாடியில் இவள் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அன்று அக்கா விட்டுக்கொடுத்த விளையாட்டைக் கொண்டு இன்று தங்கை அக்காவின் பெண்ணையே மயக்குகிறாள் என்றால் வயிறு எரியாதா?

போன கோடையில்தான் எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று நடந்தது. லூட்கா தன் தோட்டத்துக் குடிசைச் சுவரோரம் ஏனோதானோ என்று நட்டு வைத்த ஒரு தக்காளிச் செடி முதலில் பழுத்தது. ஆனேல்கா அதை உப்புத் தொட்டுத் தின்றுவிட்டு, சித்தி தக்காளி மாதிரி வராது என்று சொல்லிவிட்டாள். புரோன்யாவுக்கு அன்று இரவுச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் இந்த வருஷம் முந்திக்கொள்ளத் தீர்மானித்தாள். மே மாத நடுவில் வரும் புனித சோஃபியா நாள் கழியாமல் அங்கே யாரும் தக்காளி நாற்றை வெளியே வைக்கமாட்டார்கள். கடைசிக் குளிரை அந்த சோஃபியாதான் கொண்டுவருவாள் என்பார்கள். புரோன்யா அதை அறியாதவளா? மற்றவர்களுக்கு வருஷா வருஷம் எச்சரிக்கை சொல்கிறவளே அவள்தான். ஆனாலும் வெயில் நன்றாக அடித்தது, தங்கையின் நாற்று இன்னும் ஜன்னல் விளிம்பில் இருந்தது. சோஃபியாவுக்கு ஒரு வாரம் முன்பே பாத்தி நிறைய நட்டுவிட்டாள்.

சோஃபியா உறைபனியோடு தவறாமல் வந்தாள். மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரு செடி மிச்சமில்லை, எல்லாம் கறுத்துத் தொங்கின. தன் நாற்றில் பாதியைத் தருகிறேன் என்று லூட்கா வேலியோரம் வந்து சொன்னாள். அந்த இரக்கம்தான் புரோன்யாவுக்குப் பனியைவிடக் கசந்தது. வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, செத்த செடிகளைப் பிடுங்கிப் போட்டுப் பாத்தியைத் தட்டிச் சமமாக்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆனேல்கா வேலியில் ஒரு காலைத் தூக்கி வைத்தவள், காலிப் பாத்தியைப் பார்த்து நின்றாள். இறங்கி வந்து மண்ணைக் கையில் அள்ளினாள்.

"அம்மா, இது சித்தி மணலை விட நைசா இருக்கும்மா. இங்க பாதை போடலாமா?"

புரோன்யா களைக்கொத்தைக் கீழே வைத்தாள். "போடு. ஆனா எனக்கு வெளையாடத் தெரியாது."

"எல்லாருக்கும் தெரியுமே. சின்ன வயசுல நீ என்னதான் பண்ணின?"

"உங்க சித்திக்குத் தலை வாரிவிட்டேன்."

ஆனேல்கா பையிலிருந்து தன் சிவப்பு மூடியை, யாருக்கும் தராத மூடியை, எடுத்து அம்மா கையில் வைத்தாள்.

புரோன்யா சுண்டிய முதல் சுண்டில் மூடி வெங்காயத்துக்குள் போய் விழுந்தது. ஆனேல்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். அந்தச் சத்தம் கேட்டு லூட்கா வேலிக்கு வந்தாள். வெகுநேரம் அங்கேயே நின்றாள். அவள் முகத்தில் இருந்தது என்னவென்று புரோன்யாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அக்கா, நானும் வரட்டுமா?"

"வாடி, வராம என்ன. இந்த ஆட்டம் முடியட்டும்."

சொல்லிவிட்டுப் புரோன்யா குனிந்து, பாதையின் கோடியில் விரலால் இன்னும் இரண்டு வளைவுகளை இழுத்துச் சேர்த்தாள்.